கூலண்ட் கழிவுநீரிலிருந்து எண்ணெயைப் பிரிக்கும் சவ்வுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை, ஓசூர் பக்கத்து இயந்திரப் பட்டறைகளில் லேத்திலும் கிரைண்டிங் மெஷினிலும் ஓடி ஓய்ந்த கூலண்ட் (வெட்டும்போது சூட்டைத் தணிக்க ஊற்றும் எண்ணெய்–நீர்க் குழம்பு), பால்போல் வெளுத்து, நாற்றமெடுத்து டிரம்மில் சேர்கிறது. அதை மெம்பரேன், அதாவது நுண்துளைச் சவ்வு, வைத்துப் பிரிக்க நினைக்கும் பட்டறைக்காரர்களும், புதிய சவ்வுப் பொருட்களை ஆராயும் மாணவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை.

எண்ணெய் தானாகவே மிதக்குமே, சவ்வு எதற்கு?

துளி பெரிதாக இருந்தால் மிதக்கும். மேலேறும் வேகம் துளியின் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எண்ணெயின் அடர்த்தி நீரில் 85 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 150 மைக்ரான் துளி நொடிக்கு சுமார் 1.8 மி.மீ. ஏறும், ஒரு மீட்டர் ஆழத் தொட்டியில் 10 நிமிடத்துக்குள் மேலே வந்துவிடும். 10 மைக்ரான் துளிக்கு அதே தூரம் ஏற ஏறக்குறைய 34 மணி நேரம் வேண்டும். 1 மைக்ரான் துளிக்கு 140 நாள். எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளில் எண்ணெயை மிதக்கவிட்டுப் பிரிக்கும் ஏ.பி.ஐ. பிரிப்பான் என்ற தொட்டி 150 மைக்ரானை மனத்தில் வைத்தே வடிவமைக்கப்பட்டது. கூலண்டில் உள்ள துளிகள் பெரும்பாலும் ஒன்றிரண்டு மைக்ரானோ அதற்கும் கீழோ. போதாக்குறைக்கு, அவை ஒன்றோடொன்று சேராதபடி ஒவ்வொரு துளியையும் சோப்பு மூலக்கூறுகள் போர்த்தியிருக்கின்றன. சவ்வு தேவைப்படுவது இந்த இடத்தில்தான். உங்கள் கழிவில் எண்ணெய் வெறுமனே மேலே ஆடையாக மிதக்கிறதென்றால் மேலே மிதப்பதைப் பட்டையால் வழித்தெடுக்கும் பெல்ட் ஸ்கிம்மர் ஒன்று வாங்குங்கள். சவ்வுக்குச் செலவழிக்க வேண்டாம்.

எது எண்ணெய், எது நீர் என்று சவ்வு எப்படிப் பிரித்தறிகிறது?

துளையின் அளவு பாதி விடை. மீதிப் பாதி, சவ்வின் பரப்பு எதோடு நனைய விரும்புகிறது என்பது. நீரை இழுத்துப் பிடித்துக்கொள்ளும் பரப்பில் எப்போதும் ஒரு நீர்ப்படலம் நிற்கும்; எண்ணெய்த் துளி அந்தப் படலத்தில் மோதுமே தவிர சவ்வைத் தொடாது. மீன் செதில் எண்ணெய் கலந்த நீரிலும் அழுக்கேறாமல் இருப்பது இதனால்தான். சீனாவின் லெய் ஜியாங் குழு 2009-இல் இதை விளக்கியது. 2011-இல் கம்பிவலைமேல் நீர்க்கூழ் (ஹைட்ரோஜெல்) பூசி, நீரை விட்டு எண்ணெயைத் தடுக்கும் வலையையும் அவர்கள் செய்து காட்டினார்கள்.

துளைக்குள் எண்ணெயைத் திணிக்க ஒரு குறைந்தபட்ச அழுத்தம் வேண்டும். அது எண்ணெய்–நீர் இடைமுகப் பரப்பு இழுவிசைக்கு நேர் விகிதத்திலும் துளை விட்டத்துக்கு எதிர் விகிதத்திலும் இருக்கும். இழுவிசை மீட்டருக்கு 30 மில்லிநியூட்டன், பரப்பில் எண்ணெய்த் துளியின் தொடுகோணம் 150 டிகிரி என்று கொண்டால், 50 மைக்ரான் கண்ணுள்ள வலை தாங்குவது சுமார் 25 செ.மீ. உயர எண்ணெயை மட்டுமே. 0.05 மைக்ரான் துளையுள்ள அல்ட்ரா (மிகநுண் வடிகட்டல்) சவ்வோ ஏறத்தாழ 20 பார் வரை தாங்கும்; ஒரு பார் என்பது ஏறக்குறைய வளிமண்டல அழுத்தம்.

கூலண்டில் சோப்பு இருக்கிறதே, அது கணக்கை மாற்றாதா?

மாற்றும். ஆய்வுக்கூடத்தில் பிரமாதமாக வேலை செய்தது பட்டறையில் தோற்பதற்குப் பாதிக் காரணம் இது. சோப்பு இடைமுக இழுவிசையை 30-இலிருந்து 3-க்கு இறக்கினால் மேலே சொன்ன தாங்குதிறன் இரண்டும் பத்தில் ஒன்றாகிவிடும்: வலைக்கு 2.5 செ.மீ., அல்ட்ரா சவ்வுக்கு 2 பார். இன்னும் இறங்கி 1 ஆனால் 0.7 பார்தான். ஆகவே கூலண்டுக்குக் கம்பிவலை வகைகள் உதவாது. அல்ட்ரா சவ்வையும் 1 பார் அளவில் ஓட்டுவதே நல்லது. அழுத்தத்தைக் கூட்டினால் தண்ணீர் கூடுதலாக வரும் என்று வால்வைத் திருகினால், முதல் பத்து நிமிடம் வரும். அதற்குள் எண்ணெய் துளைக்குள் போய் ஒட்டியிருக்கும்.

எண்ணெயை விட்டு நீரைத் தடுக்கும் சவ்வு நல்லதா, நீரை விட்டு எண்ணெயைத் தடுப்பதா?

நீரில் எண்ணெய் கலந்த கழிவுக்கு இரண்டாவது. டெஃப்லான் பூசிய வலை எண்ணெயை மட்டும் விடும் என்று 2004-இல் அதே குழு காட்டியபோது பெரிய பரபரப்பு. ஆனால் நீர் எண்ணெயைவிடக் கனம். அது கீழே இறங்கி வலைமேல் உட்கார்ந்துவிட, எண்ணெய்க்கு வழி அடைபடும். கழிவின் பெரும்பங்கும் நீர்தான். டீசலில் கலந்த சிறிதளவு நீரை நீக்குவது போன்ற வேலைக்கு டெஃப்லான் வகை பொருந்தும்.

எந்தப் பொருளில் செய்த சவ்வு வாங்கலாம்?

பி.வி.டி.எஃப். (பாலிவினைலிடின் ஃபுளூரைடு என்ற பிளாஸ்டிக்) மலிவு, உறுதி, குளோரினைத் தாங்கும். இயல்பில் எண்ணெய் விரும்பி என்பதால் நீர்விரும்பியாக மாற்றிய ரகமாகக் கேட்டு வாங்க வேண்டும். காரத்தன்மை பி.எச். 11-ஐத் தாண்டினால் அது மெல்ல மெல்லப் பழுப்பாகி நொறுங்கத் தொடங்கும். பாலிஅக்ரிலோநைட்ரைல் இயல்பிலேயே நீரை அதிகம் விரும்பும், எண்ணெய் எளிதில் ஒட்டாது. வலுவான காரம் அதற்கும் ஆகாது. பாலிஈதர் சல்ஃபோன் காரத்தைத் தாங்கும், ஆனால் சில கரைப்பான்கள் பட்டால் வீங்கும். டிகிரீசிங் (எண்ணெய்ப் பிசுக்கு நீக்கும்) திரவம் அதே தொட்டிக்கு வரும் பட்டறையில் அதைத் தவிர்க்கவும்.

பீங்கான் வகைகளில் கவனிக்க வேண்டியது மேற்பரப்பின் மின்னூட்டம். கூலண்ட் துளிகள் பெரும்பாலும் எதிர்மின்னூட்டம் கொண்டவை; கூலண்டின் பி.எச். 8.5 முதல் 9.5 வரை. அலுமினாவின் மின்னூட்டம் பூஜ்யமாகும் பி.எச். புள்ளி ஏறத்தாழ 9. அதாவது கூலண்டில் அலுமினாப் பரப்பு துளியை விலக்காது, பி.எச். சற்று இறங்கினால் இழுக்கவே தொடங்கும். டைட்டானியா, சிர்க்கோனியா இரண்டுக்கும் அந்தப் புள்ளி 6 அருகே, சிலிக்கான் கார்பைடுக்கு 2, 3 அருகே. எனவே அலுமினாவைத் தாங்குபொருளாக வைத்து மேலே டைட்டானியா அல்லது சிர்க்கோனியா அடுக்கு போட்ட குழாய்களே நடைமுறையில் அதிகம். சிலிக்கான் கார்பைடு இன்னும் நன்றாக ஓடும். விலைதான் கையைக் கடிக்கும். தினம் 500 லிட்டருக்கு மேல் கழிவு வந்தால் பீங்கானை எடுக்கலாம் என்பது எங்கள் கருத்து. காரணம் ஓட்டம் அல்ல: சூடான காஸ்டிக் சோடாவால் அதைக் கழுவ முடிகிறது.

கிராஃபீன் ஆக்சைடு, எம்எக்ஸீன், இருமின் பாலிமர் பற்றியெல்லாம் படிக்கிறோம். வாங்க முடியுமா?

கூலண்ட் ஆலையில் நாள்தோறும் ஓடும் பொருட்களாக அவற்றை இன்னும் எண்ண வேண்டாம். கிராஃபீன் ஆக்சைடு அடுக்குகள் நீரில் ஊறி இடைவெளி விரிகின்றன; குறுக்குப் பிணைப்பு போடாவிட்டால் அடுக்கு உரியும். 2011-இல் அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழகத்தில் கண்டறியப்பட்ட எம்எக்ஸீன் (உலோகக் கார்பைடின் மெல்லிய தாள்), நீரும் காற்றும் சேர்ந்தால் ஆக்சைடாகச் சிதைகிறது. நேர், எதிர் மின்னூட்டம் இரண்டையும் ஒரே மூலக்கூறில் தாங்கும் இருமின் பாலிமர்கள் நம்பிக்கை தருகின்றன: நீரை இறுகப் பிடித்துக்கொள்வதால் எண்ணெய் கிட்டத்தில் வருவதில்லை. அவற்றின் பிரச்சினை, பூச்சு எத்தனை கழுவலுக்கு நிற்கும் என்பது.

ஒரு கட்டுரையையோ விற்பனைத் தாளையோ படிக்கும்போது முதல் நிமிட ஓட்டத்தைப் பார்க்காதீர்கள். நான்கு விஷயங்களைத் தேடுங்கள்: சோதித்த குழம்பில் சோப்பு இருந்ததா, ஓட்டம் சவ்வை உரசிக்கொண்டு போனதா அல்லது கிண்ணத்தில் தேங்கி நின்றதா, எத்தனை மணி நேரம் ஓடியது, கழுவியபின் சுத்த நீர் ஓட்டம் எத்தனை சதவீதம் மீண்டது. 100 மி.லி. ஊற்றி ஐந்து நிமிடத்தில் முடித்த சோதனைக்கு மயங்க வேண்டாம்.

கல்லூரி ஆய்வுக்கூடத்தில் பி.வி.டி.எஃப். சவ்வை நீர்விரும்பியாக்க எளிய வழி?

பாலிடோபமின் பூச்சு. ஒரு லிட்டர் நீரில் 1.2 கிராம் டிரிஸ் (பி.எச்.-ஐ நிலையாக வைக்கும் பொருள்) கரைத்து, அமிலம் சேர்த்து பி.எச்.-ஐ 8.5-க்குக் கொண்டுவந்து, 2 கிராம் டோபமின் ஹைட்ரோகுளோரைடு சேர்க்கவும். சவ்வை முதலில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்து, நீரில் அலசி, பிறகு கரைசலில் இடவும். மூடி போடாமல் கலக்கிக்கொண்டே இருங்கள். வினைக்கு ஆக்சிஜன் வேண்டும். கரைசல் பழுப்பாகிக் கருக்கும். அல்ட்ரா சவ்வுக்கு ஒரு மணி நேரம் போதும். 24 மணி நேரம் விட்டால் பூச்சு தடித்துத் துளையும் அடைபடும். இந்தப் பூச்சை ஹைப்போகுளோரைட்டும் (பிளீச்) வலுவான காரமும் அரித்துவிடும். பட்டறையில் கழுவுவதற்கு அவை இரண்டுமே வேண்டும் என்பதால்தான் பாலிடோபமின் இன்னும் ஆய்வுக்கூடத்தை விட்டு அதிகம் வெளியே வரவில்லை.

மாணவர்களுக்குச் செய்து காட்ட விலை குறைந்த சோதனை உண்டா?

300 மெஷ் (அங்குலத்துக்கு 300 கண்) ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வலை ஒரு துண்டு. அசிட்டோனிலும் சோப்பு நீரிலும் கழுவி, நன்றாக அலசுங்கள். 1 சதவீத சோடியம் ஆல்ஜினேட் கரைசலில் முக்கி, வழிவதை வடியவிட்டு, கண்கள் அடைந்திருந்தால் ஊதித் திறந்து, 2 சதவீத கால்சியம் குளோரைடில் 10 நிமிடம் போடுங்கள். வலைக்கம்பிமேல் கூழ் படியும். ஈரம் காயுமுன் குழாயின் அடியில் பொருத்தி, முதலில் நீர் ஊற்றி, பிறகு சாயமிட்ட நீரும் டீசலும் கலந்து ஊற்றவும். நீர் இறங்கும், டீசல் நிற்கும். பிறகு பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விடுங்கள். டீசல் ஒழுகத் தொடங்கும். மேலே சொன்ன அழுத்தக் கணக்கைக் கரும்பலகையில் போடுவதைவிட இது நன்றாகப் புரியும். வலை காய்ந்தால் கூழ் வெடிக்கும். உப்பு நீரில் சோடியம் உள்ளே புகுந்து கால்சியத்தை வெளியேற்ற, கூழ் இளகிவிடும்.

சவ்வுக்கு அனுப்புமுன் என்ன செய்ய வேண்டும்?

ஒரு நாள் தேக்கி வைத்து, மேலே மிதக்கும் ஹைட்ராலிக் எண்ணெயையும் ஸ்லைடு எண்ணெயையும் ஸ்கிம்மரால் எடுங்கள். இரும்புத் துகளுக்குக் காந்தப் பிரிப்பான், பிறகு 25 அல்லது 50 மைக்ரான் பை வடிகட்டி. கிரைண்டிங் துகள் பீங்கானையே தேய்க்கும் தன்மையுள்ளது என்பதால் இந்தப் படியை விடக்கூடாது.

இரண்டு பொருள் தொட்டிக்குள் வரவே கூடாது: சிலிக்கோன் அடிப்படையிலான நுரையடக்கி, துகள்களைத் திரட்டப் போடும் நேர்மின்னூட்ட பாலிஎலெக்ட்ரோலைட். இரண்டும் எதிர்மின்னூட்டச் சவ்வில் ஒட்டினால் எந்தக் கழுவலுக்கும் முழுதாகப் போகாது. கழிவுத்தொட்டியில் நுரை வருகிறதே என்று யாராவது ஒரு கப் ஊற்றிவிடுவது வழக்கமாக நடப்பது. அறிவிப்புப் பலகை வைப்பதில் தவறில்லை.

தினம் 1000 லிட்டர் கழிவு வருகிறது. எத்தனை சதுர மீட்டர் சவ்வு வேண்டும்?

எண்ணெய் 2 சதவீதம் என்று கொள்வோம். 950 லிட்டர் நீரை வெளியே எடுத்தால் மிஞ்சும் 50 லிட்டரில் எண்ணெய் 40 சதவீதம். அதற்குமேல் கெட்டியாக்கினால் குழம்பு தடித்துப் பம்ப் திணறும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மணி நேரத்தில் இறங்கும் லிட்டரே ஃபிளக்ஸ். பீங்கான் சவ்வில், 45 முதல் 50 டிகிரி வெப்பத்தில், தொடக்கம் முதல் கடைசி வரைக்கும் சராசரி 50 என்று கொண்டு, 16 மணி நேரம் ஓட்டினால் 950-ஐ 800-ஆல் வகுக்க 1.2 சதுர மீட்டர். குழம்பு ஓட 3.3 மி.மீ. விட்டமுள்ள வழிகள் நெடுக 19 உள்ள, 1.178 மீட்டர் நீளக் குழாய் ஒன்றின் பரப்பு 0.23 சதுர மீட்டர். ஐந்து குழாய் இதை ஏறத்தாழச் சமாளிக்கும். கழுவலுக்கும் இடையூறுக்கும் சேர்த்து ஏழு போடுவது புத்திசாலித்தனம்.

பம்புக்கு வருவோம். குழம்பு சவ்வைத் தேய்த்துக்கொண்டு நொடிக்கு 4 மீட்டர் ஓடினால்தான் எண்ணெய்ப் படலம் கட்டாது. ஒரு குழாய்க்கு மணிக்கு 2.3 கன மீட்டர், ஐந்துக்கும் சேர்த்து சுமார் 12. குழாயில் 2 பார் இழப்பு, பம்ப் திறன் 50 சதவீதம் என்றால் 1.3 கிலோவாட், 16 மணி நேரத்தில் 21 யூனிட் மின்சாரம். வேகத்தை 2 மீட்டராகக் குறைத்து மின்சாரத்தை மிச்சம் பிடிப்பவர்கள் அதைக் கழுவும் ரசாயனத்தில் இழக்கிறார்கள். இந்த மின்சாரத்தின் பெரும்பகுதி கடைசியில் வெப்பமாகக் குழம்பில்தான் சேரும். மாலைக்குள் 15 டிகிரி ஏறுவது இயல்பு. பீங்கானுக்கு அது நன்மை. பாலிமர் சவ்வென்றால் தயாரிப்பாளர் சொன்ன வரம்பைப் பார்த்துக் குளிர்விக்க வேண்டும்.

தினசரி ஓட்டத்தில் கவனிக்க வேண்டியது?

காய்ந்த சவ்வில் எண்ணெய் முதலில் பட்டால் அது துளையைப் பிடித்துக்கொள்ளும். எனவே எப்போதும் முதலில் நல்ல நீர். வடிநீர் (சவ்வைக் கடந்து வரும் நீர்) வால்வை மூடி, பம்பை ஓடவிட்டு, வேகம் நிலைத்தபின் வால்வை மெதுவாகத் திறக்கவும். நிறுத்தும்போது வடிநீர் வால்வு முதலில், பம்ப் பிறகு, கூடவே அலசல். இரவு முழுக்கக் கூலண்ட் தேங்கி நின்ற குழாயைக் காலையில் ஓட்டுவது கெட்ட பழக்கம். பீங்கானில் ஆறிய குழாய்க்குள் திடீரென்று சூடான நீரைப் பாய்ச்சினால் விரிசல் விழும்.

ஃபிளக்ஸ் இறங்கிக்கொண்டே போகிறது. ஏன்?

எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று பாருங்கள். முதல் அரை மணியில் பாதியாகி அங்கேயே நின்றால் அது சாதாரணம். நிமிடங்களில் ஏறக்குறைய பூஜ்யமானால் அழுத்தம் மிகை, அல்லது மிதக்கும் எண்ணெய் உள்ளே வந்துவிட்டது. வாரக்கணக்கில் மெல்ல இறங்கினால் கழுவல் போதவில்லை. கூலண்டைக் கடினமான போர்வெல் நீரில் கலக்கும் பட்டறைகளில் கால்சியம் சோப்பு பிசுபிசுவென்று படியும். அதைக் கையால் தொட்டாலே தெரியும். கழுவலை மாற்றுவதற்கு முன், கூலண்ட் கலக்கும் நீரை மென்னீராக்குங்கள். ஒப்பிடும்போது ஒரே வெப்பநிலையில் ஒப்பிடவும்: 25 டிகிரியிலிருந்து 35-க்குப் போனாலே நீரின் பாகுநிலை குறைந்து ஓட்டம் கால் பங்கு கூடிவிடும். கோடையில் சவ்வு நன்றாகிவிட்டது என்று பலர் நம்புவது இதனால்தான்.

கழுவும் முறை என்ன?

பீங்கானுக்கு, 100 லிட்டர் மென்னீரில்:

முதலில் சூடான வெறும் நீரால் அலசி, அந்த நீரைக் கழிவுத்தொட்டிக்கே திருப்பவும். பிறகு 1 கிலோ காஸ்டிக் சோடாவோடு 200 கிராம் எதிர்மின் அல்லது மின்னூட்டமில்லாத சோப்பு. 60 முதல் 70 டிகிரியில் 45 நிமிடம். முதல் 15 நிமிடம் வடிநீர் வால்வை மூடியே வையுங்கள், இல்லாவிட்டால் கழன்ற அழுக்கு துளைக்குள் அழுந்தும். கால்சியம் சோப்பு இருந்தால் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் ஈ.டி.டி.ஏ. 500 கிராம் சேர்க்கவும். பி.எச். நடுநிலைக்கு வரும்வரை அலசி, 1 கிலோ சிட்ரிக் அமிலம், 45 டிகிரியில் 20 நிமிடம். இது இரும்புக் கறைக்கு. மீண்டும் அலசி, சுத்த நீர் ஓட்டத்தை அளந்து குறித்துவைக்கவும். புதிதில் இருந்ததன் 90 சதவீதத்துக்கு வரவில்லையென்றால் காரக் கழுவலை இன்னொரு முறை செய்யவும்.

அமிலத்தை முதலில் விடவே கூடாது. அமிலம் பட்டால் கூலண்ட் குழம்பு உடைந்து, எண்ணெய் தனியாகப் பிரிந்து சவ்வின்மேலேயே படியும். பி.வி.டி.எஃப். சவ்வுக்குக் காஸ்டிக் வேண்டாம், பி.எச். 10.5 அளவிலான காரச் சோப்பு, 40 டிகிரி. கிருமிப் படலத்துக்கு லிட்டருக்கு 200 மி.கி. ஹைப்போகுளோரைட் தரலாம். ஹைப்போவும் அமிலமும் ஒரே தொட்டியில் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். இடையில் முழு அலசல் கட்டாயம்.

வடிநீர் கலங்கலாக வருகிறது. சவ்வு கிழிந்துவிட்டதா?

ஓ-ரிங்கை முதலில் பாருங்கள், பெரும்பாலும் அதுதான். ஒவ்வொரு குழாயின் வடிநீரையும் தனித்தனிக் கண்ணாடிக் குப்பியில் பிடித்தால் குற்றவாளி அகப்படும். எல்லாக் குழாயிலும் ஒரேபோல் கலங்கல் என்றால் அழுத்தம் அதிகம், அல்லது புதிதாகச் சோப்பு வந்து சேர்ந்திருக்கிறது. சூடாக வரும்போது தெளிந்திருந்து ஆறியபின் கலங்கினால் சவ்வில் பிழையில்லை. கரைந்திருந்த சோப்பும் கொழுப்பு அமிலமும் குளிர்ந்ததும் பிரிகின்றன.

தெளிந்த வடிநீரைச் சாக்கடையில் விடலாமா?

கூடாது. எண்ணெய் போயிருக்கும், கரைந்த கிளைக்கால், அமீன், கிருமிநாசினி எல்லாம் அப்படியே துளை வழியாக வந்திருக்கும். கண்ணுக்குத் தண்ணீர், சி.ஓ.டி. (கரைந்த கழிவைச் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) பார்த்தால் லிட்டருக்கு ஆயிரக்கணக்கான மி.கி.. இந்தியாவின் பொது வெளியேற்ற விதியில் எண்ணெய்–கிரீஸ் வரம்பு ஆறு, ஏரிக்கு லிட்டருக்கு 10 மி.கி., பொதுச் சாக்கடைக்கு 20 மி.கி.; ஆனால் சி.ஓ.டி.க்கும் தனி வரம்பு உண்டு. வடிநீரை உயிரியல் சுத்திகரிப்புக்கோ ஆர்.ஓ.வுக்கோ ஆவியாக்கிக்கோ அனுப்ப வேண்டும்.

எண்ணெய் அளவுக்கு மாதிரி எடுப்பது எப்படி?

அகன்ற வாய்க் கண்ணாடிக் குப்பியில். பிளாஸ்டிக்கில் எண்ணெய் சுவரில் ஒட்டிக்கொள்ளும், அறிக்கை அழகாக வரும், உண்மையாக இருக்காது. குப்பியை மாதிரி நீரால் முன்கூட்டி அலசக்கூடாது. அமிலம் விட்டு பி.எச். 2-க்குக் கீழே இறக்கி, குளிரில் வைத்து அனுப்பவும். குப்பி முழுவதையும் சோதிக்க வேண்டும், பாதியை ஊற்றியெடுத்தல்ல. காலிக் குப்பியையும் ஹெக்சேனால் அலசிச் சேர்க்கச் சொல்லுங்கள்.

எண்ணூர்க் கடலில் கொட்டியது போன்ற எண்ணெய்க்குச் சவ்வு உதவுமா?

2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகம் அருகே இரு கப்பல்கள் மோதியபின் கரை ஒதுங்கியது கனமான எரிஎண்ணெய். கடல்நீரை உள்ளிழுத்துச் சேறுபோல் தடித்திருந்தது. வாளியால் அள்ளினார்கள். எண்ணெய்க்குள் நீர் சிக்கிய அந்தத் தடித்த குழம்பு எந்தச் சவ்வையும் உடனே அடைத்துவிடும். அங்கே மிதவைத் தடுப்பும் ஸ்கிம்மரும் உறிஞ்சுபொருளும்தான் கருவிகள். அள்ளியதைத் தொட்டியில் பிரித்தபின் அடியில் நிற்கும் எண்ணெய் நீருக்கு வேண்டுமானால் சவ்வு வரலாம்.

மிஞ்சும் 50 லிட்டர் கெட்டிக் குழம்பை என்ன செய்வது?

2016-ஆம் ஆண்டு அபாயக் கழிவு விதிகளின் முதல் அட்டவணையில் பயன்படுத்திய எண்ணெய் 5.1, எண்ணெய் கலந்த கழிவு 5.2. மாசுக்கட்டுப்பாட்டு வாரிய அனுமதி பெற்ற மறுசுழற்சியாளருக்கோ கழிவு எரிப்பு நிலையத்துக்கோ மட்டுமே, உரிய படிவத்தோடு கொடுக்கலாம். கொடுக்குமுன் 60 டிகிரிக்குச் சூடாக்கி ஒரு நாள் நிற்கவிட்டால் கொஞ்சம் எண்ணெய் மேலே தனியாகப் பிரியக்கூடும். நீர் குறைவான எண்ணெய்க்கு மறுசுழற்சியாளர் தரும் விலையே வேறு. அடியில் நின்ற நீரை மறுநாள் கழிவோடு சேர்த்துவிடுங்கள்.